டேட் பார்த்துச் சொல்றேன்

எங்கள் தொழிலில் முதலில் படிவது மைக் பிடிக்கும் பழக்கம் இல்லை. போனில் பொய் சொல்லும் பழக்கம். யாராவது கூப்பிட்டு, "இருபத்தஞ்சாம் தேதி இருக்கீங்களா?" என்று கேட்டால், அந்த மாதம் முழுக்கச் சும்மா கிடந்தாலும், "ஒரு நிமிஷம் சார், டேட் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஒரு பத்து நிமிஷம் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். பிறகு கூப்பிட்டு, "ஒரு வேலை இருந்தது சார், உங்களுக்காகத் தள்ளி வச்சுட்டேன்" என்று சொல்ல வேண்டும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தந்ததில்லை. எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன். சும்மா இருக்கிறவன் என்று தெரிந்தால், இவன் ஏன் சும்மா இருக்கிறான் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தால் வேலை வராது.

நான் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். படம் எடுக்கிற இடத்திலேயே பேச்சையும் சுற்றுச் சத்தத்தையும் பதிவு செய்கிறவன். நீளக் கழியின் நுனியில் மைக்கை மாட்டி, பேசுகிறவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்பானே, அவன்தான். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். படத்தில் நான் தெரிந்துவிட்டால் எனக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். பதினெட்டு வருஷம் இப்படித் தெரியாமலே இருந்து சம்பாதித்தேன். ஆவணப்படங்கள், கம்பெனிப் படங்கள், மாமல்லபுரத்துக் கல்லுக்கு முன்னால் நின்று இங்கிலீஷில் வியக்கிற வெளிநாட்டு டிவிக்காரர்கள் என்று எதையும் விட்டதில்லை.

வேலை ஒரே நாளில் நிற்கவில்லை. சட்டைப் பொத்தான் அளவுக்கு மைக் வந்தது. அதை டைரக்டரே பேசுகிறவர் காலரில் குத்திவிடுகிறார். பின்னால் லாரி போனாலும் கவலையில்லை, கம்ப்யூட்டர் துடைத்துக் கொடுத்துவிடுகிறது. துடைத்த பிறகு மனுஷன் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. அது யாருக்கும் கேட்பதில்லை. என் வேலை போனதில்கூட அவ்வளவு ஆத்திரம் இல்லை எனக்கு. நான் இல்லாதது ஒருத்தர் காதுக்கும் தெரியவில்லையே, அதில்தான் வயிறு எரிந்தது.

பதினோரு மாதம் ஒரு உருப்படியான வேலை இல்லை. ஊரப்பாக்கத்தில் வாடகை வீடு. என் மனைவி கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவள் சம்பளத்தில் வீடு நகர்ந்தது. அவளுடைய அண்ணனுக்குச் செங்கல்பட்டில் டைல்ஸ் கடை. மச்சான் நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். கெட்ட மனிதராக இருந்தால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். "கடைக்கு வந்து உட்காரு. ஏசி கீது. கை அழுக்காவாத வேலை" என்று மாதம் ஒருமுறை சொன்னார். கடைசியில் நானும் மனைவியும் பேசி ஒரு கெடு வைத்தோம். நோன்புப் பெருநாள் வரைக்கும் பார்ப்பது. அதற்குள் ஒரு நீளமான வேலை வந்தால் இன்னும் ஒரு வருஷம் இந்தத் தொழிலில் இருப்பது. வராவிட்டால் பெருநாள் முடிந்த மறுவாரம் டைல்ஸ் கடை.

வெளியே இது ஒருவருக்கும் தெரியாது. வெளியே நான் மூச்சுவிட நேரமில்லாத ஆள். வாட்ஸப் ஸ்டேட்டஸில் வாரத்துக்கு இரண்டு படம் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் பழைய படங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு வயலில் நிற்பது, படகில் நிற்பது, யாரோ மந்திரி பேசும்போது பின்னால் நிற்பது. கீழே 'ஆன் லொகேஷன்' என்று இரண்டு வார்த்தை. ஒருதரம் அவசரத்தில் மழைக்கோட்டு போட்ட படத்தைச் சித்திரை வெயிலில் போட்டுவிட்டேன். ஒரு கேமராமேன் உடனே, "எங்கபா மழை?" என்று கேட்டான். ஊட்டி என்று அடித்து, ஸ்டேட்டஸிலும் அதையே சேர்த்துவிட்டேன். அவன் வீடு அடுத்த தெரு. மூன்று நாள் வாசலைத் தாண்டவில்லை நான். பால் வாங்கக்கூட மனைவிதான் போனாள். "ஊட்டியில குளிரா?" என்று கேட்டுக்கொண்டே பாலை அடுப்பில் வைப்பாள். அப்போது இருவருக்கும் சிரிப்பு வந்தது.

பொத்தேரி பக்கம் படிக்கிற மாணவர்கள் நாலு பேர் குறும்படம் எடுக்கிறோம் என்று கூப்பிட்டார்கள். டீக்கடையில் வைத்துப் பேசினோம். சம்பளம் இல்லை, பெயர் போடுவோம் என்றார்கள். அதையும் போய்ச் செய்துகொடுத்தேன். அதில் ஒரு பெண் கடைசியில், "சார், சவுண்ட் ஃபீல்டுல வர்றதுக்கு ஆசை. ஸ்கோப் இருக்கா சார்?" என்று கேட்டாள். "நல்ல ஆளுக்கு எப்பவும் இருக்கும்மா" என்றேன். அந்தப் பெண் சந்தோஷமாகத் தலையாட்டினாள். திரும்பி ரயிலில் வரும்போது என்னை நானே அறைய வேண்டும்போல இருந்தது.

பழைய படங்கள் தீர்ந்துபோயின. அதனால் புதிதாகவே எடுக்க ஆரம்பித்தேன். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பைக்கில் கிளம்புவேன். வண்டலூரில் திரும்பி கேளம்பாக்கம் வழியாகக் கோவளம், சில நாள் இன்னும் கீழே மாமல்லபுரம் வரைக்கும். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து மைக்கை நட்டுக் கடலைப் பதிவு செய்வேன். மைக்கோடு சேர்த்து ஒரு போட்டோ. கடல் சத்தம் இன்றைக்கு யாருக்கும் வேண்டாம், இணையத்தில் இலவசமாகக் கொட்டிக்கிடக்கிறது. ஆனாலும் ஹெட்போனை மாட்டியதும் கொஞ்ச நேரம் மனசு சமாதானமாக இருக்கும். அந்தச் சமாதானத்துக்காகவும் போனேன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நோன்பு பாதி போயிருந்தது. பதினேழாவது நோன்பு. அன்றைக்கும் மதியத்துக்குமேல் கோவளத்துக்குப் போனேன். படகுகள் ஏற்றிவைத்திருக்கும் பக்கம் வண்டியை நிறுத்தப் போனால் அங்கே இரண்டு வேன், ஒரு கேமரா, குடை பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். நடுவில் வலை பின்னும் ஒரு அம்மா. எதிரே என் பழைய டைரக்டர். அவரோடு நான் நாலு ஆவணப்படம் செய்திருக்கிறேன். இந்த நாட்டில் பொத்தான் மைக்கை நம்பாத ஐந்தாறு பேரில் அவர் ஒருவர். நான் வண்டியைத் திருப்புவதற்குள் பார்த்துவிட்டார்.

"இன்னாபா, இங்க எங்க?"

"பக்கத்துல ஒரு ஷூட் சார்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

"தெரியுமே. உன் ஸ்டேட்டஸ்தான் பாத்துகினே கீறேனே. ஊட்டின்ற, பாண்டின்ற, கால் தரைல நிக்கல உனக்கு" என்று தோளில் தட்டினார். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, "இந்தப் படத்துக்கு மொதல்ல உன் பேரைத்தான் எழுதினேன். சரி, அவ்ளோ பிஸியா கீறான், கூப்ட்டு சங்கடப்படுத்தக் கூடாதுன்னு வுட்டுட்டேன்" என்றார்.

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது? ஒவ்வொரு படமாகத் தேடியெடுத்துப் போட்டு என் வேலையை நானே வேறொருத்தனுக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன். அந்த வேறொருத்தன் ஒரு வேனின் நிழலில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒரு உதவி பண்ணுபா" என்றார் டைரக்டர். "நம்ம சவுண்ட்காரருக்கு ஜொரம். நாளைலேர்ந்து வர்ல, ஊருக்குப் போறேன்னுட்டாரு. இன்னும் இருபது நாள் வேலை கீது, இங்கேர்ந்து கீழ கல்பாக்கம் வரைக்கும். ஒனக்குத் தெரிஞ்சு யாருனா ஃப்ரீயா கீறாங்களா?"

இருபது நாள். கெடுவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. கால்நடையாகப் போய்க் கேட்டாலும் கிடைக்காத வேலை, என் வண்டிக்கு முன்னால் வந்து நின்று யார் ஃப்ரீ என்று கேட்கிறது. நான் இருக்கேன் சார் என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அரை நிமிஷத்துக்கு முன்னால்தான் பக்கத்தில் ஷூட் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது இருக்கிறேன் என்றால் அந்த ஷூட் பொய், ஊட்டி பொய், பதினோரு மாதமும் பொய்.

அதைவிட இன்னொன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வழக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. நாம் இல்லை என்போம். அவர் ஒரு தடவை வற்புறுத்துவார். "அட, அதைத் தள்ளி வை, நீயே வா" என்பார். அப்புறம் நாம் மனமிரங்கி வருவோம். கல்யாண வீட்டில் போதும் போதும் என்று இலையை மறைக்கிற மாதிரிதான். நான் அந்த வற்புறுத்தலை எதிர்பார்த்தேன்.

"நானே வந்துருப்பேன் சார். டேட் இடிக்குது" என்றேன்.

"தெரியும்பா. உன்னைக் கேக்கல நானு" என்றார். நாகரிகமான மனிதர். வற்புறுத்தவில்லை.

சரி, இன்னும் ஒரு வழி இருக்கிறது என்று நினைத்தேன். தாம்பரத்தில் இருக்கிற ஒரு ரெக்கார்டிஸ்டின் நம்பரைக் கொடுத்தேன். அவனை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், முந்தின நாள்தான் அவன் ஸ்டேட்டஸில் கேரளாவில் ஏதோ ஒரு படகில் நின்றுகொண்டிருந்தான். நிச்சயம் வர முடியாது. அவன் முடியாது என்பான், டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார், அப்போது நான் பெரிய மனசு பண்ணுவேன். இவ்வளவு கணக்கும் ஒரு வாய்த் தண்ணீர் இல்லாத தலைக்குள் அந்த வெயிலில் ஓடியது.

டைரக்டர் அங்கேயே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். இரண்டாவது மணி அடித்ததுமே எடுத்துவிட்டான். விஷயத்தைக் கேட்டான்.

"ஒரு நிமிஷம் சார், டேட் பாத்துட்டு சொல்றேன்" என்றான்.

உண்மையில் வேலை இருப்பவன் டேட் பார்க்க மாட்டான். சாரி சார் என்று வைத்துவிடுவான். கேரளாவும் இல்லை, படகும் இல்லை. தாம்பரத்தில் அவனும் படுத்துக்கொண்டு ஃபேனைப் பார்க்கிறான். பத்து நிமிஷம் பார்ப்பான். அந்தப் பத்து நிமிஷமும் எனக்குத் தெரிந்தது. டைரக்டருக்குத் தெரியவில்லை.

பத்து நிமிஷம் நான் அவர் பக்கத்தில் நின்றேன். "டீ சாப்புட்றியா?" என்றார். நோன்பு என்றேன். "அய்யோ, மறந்துட்டேன்" என்று தன் டீயையும் ஓரமாக வைத்துவிட்டார். அந்த மரியாதை எனக்கு முள்ளாகக் குத்தியது. நோன்பு வாயோடுதானே இத்தனை பொய்யும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். காய்ச்சலில் கிடந்த சவுண்ட்காரர் எழுந்து வந்து, பாங்கு முடியட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று கை காட்டினார். வலை பின்னும் அம்மா காலை நீட்டி உட்கார்ந்தாள். அவ்வளவு பேரும் சும்மா நின்ற அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சார், அவனைக் கூப்பிட வேண்டாம், நான் சும்மாதான் இருக்கிறேன் என்று காதோடு சொன்னால்கூடப் போதும். வாய்வரை வந்தது என்று எழுதினால் அதுவும் பொய். வாய்வரை வரவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. "ஒரு வேலை இருந்துச்சு சார். ஒங்களுக்காகத் தள்ளி வச்சுட்டேன்" என்றான்.

டைரக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பெரிய உதவி பண்ண, மறக்க மாட்டேன்" என்றார். என் ஷூட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

வீட்டில் அதைச் சொல்லவில்லை. நோன்பு திறந்து, கஞ்சியில் இரண்டு வாய் எடுத்திருப்பேன். போன் அடித்தது. தாம்பரத்துக்காரன்தான். என் கையில் கஞ்சி ஒட்டியிருந்ததால் மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் வைத்தாள்.

"அண்ணாத்த, ஒங்களுக்கு எப்டி தாங்க்ஸ் சொல்றதுன்னே தெரில. ஒங்களுக்கு டேட் இல்லாம போனதாலதான எனக்கு வந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும் அண்ணாத்த. உண்மைய சொல்றேன், எட்டு மாசமா வூட்டுலதான் கீறேன். யாராண்டயும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். நானும் அப்படித்தான் என்று அவனிடமாவது சொல்லியிருக்கலாம். "ஆல் தி பெஸ்ட்பா" என்று வைத்துவிட்டேன்.

மனைவி பேரீச்சம்பழக் கொட்டையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். "எந்த வேலை?"

சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை, அந்தப் பத்து நிமிஷம் உட்பட. அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. கஞ்சிச் சட்டியை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்கிட்ட தெனம் சொன்னீங்களே. இன்னைக்கும் எதுவும் வர்ல, இன்னைக்கும் எதுவும் வர்லன்னு. பதினோரு மாசம் தெனம் சொன்னீங்க. அதையே அவராண்ட ஒரு தடவை சொல்ல முடியலயா?"

அவள் ஒரு நாளும் ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. அதனால் அவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்ததால் முழுக்க அவள் தலையிலேயே இறக்கி வைத்திருக்கிறேன். வெளியே போகும்போது இஸ்திரி போட்ட சட்டையோடு போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. தொழப் போகிறேன் என்று எழுந்துபோனேன்.

பெருநாள் முடிந்தது. மறுவாரம் திங்கட்கிழமை ஊரப்பாக்கத்தில் ரயிலேறிச் செங்கல்பட்டில் இறங்கினேன். மச்சான் வாசல்வரை வந்து கூட்டிக்கொண்டு போனார். கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார். எது தரைக்கு, எது சுவருக்கு, ஒரு பெட்டியில் எத்தனை என்று முதல் நாள் முழுக்கச் சொல்லித்தந்தார். வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் சொன்னார். "கலர் போவுமான்னு கேப்பாங்க, போவாதுன்னு சொல்லு. வழுக்குமான்னு கேப்பாங்க, வழுக்காதுன்னு சொல்லு. ரெண்டாவது தடவை யோசிக்காத. யோசிச்சா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க." நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். என்னமோ புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் மாதிரி.

மூன்றாவது வாரம், பகல் பதினொரு மணிக்கு ஒரு போன். முன்பு எப்போதோ வேலை கொடுத்த ஒரு ஏஜென்சிக்காரர். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் கம்பெனிக் கூட்டம், மூன்று நாள் பதிவு.

"பதினாலு, பதினஞ்சு, பதினாறு. டேட் எப்டி?"

கடையில் கூட்டம் இல்லை. ஒரு அம்மா மட்டும் அடுக்கிலிருந்த டைல்ஸை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி அன்றைக்குக் கேட்டது நினைவுக்கு வந்தது. இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்ல சார். ஒரு வருஷமா சும்மாதான் இருக்கேன். வரேன்" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. மூன்று நொடி இருக்கும். பதினெட்டு வருஷம் காதால் பிழைத்தவன் நான். மனிதர்கள் பேச்சை நிறுத்துகிற இடங்களைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். தயக்கம் எது, யோசனை எது, கதவைச் சாத்துவது எது என்று தெரியும்.

"அப்படிங்களா" என்றார். "சரி சரி. க்ளையன்ட்கிட்ட பேசிட்டுக் கூப்ட்றேன்."

அவர் கூப்பிடவில்லை. பதினாறாம் தேதி கழிந்து இப்போது இரண்டு மாதம் ஆகிறது. அப்படியென்றால் எங்கள் ஆட்கள் இத்தனை காலம் சொன்னதுதான் சரி. கோவளத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும், இங்கே பொய் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். இரண்டு இடத்திலும் மாற்றிச் செய்தேன்.

அன்றைக்கு நான் போனை வைத்ததும் கடையிலிருந்த அந்த அம்மா வெள்ளை டைல்ஸ் ஒன்றை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு வந்தார். பளபளவென்று முகம் தெரிகிற ரகம்.

"பாத்ரூமுக்குப் போடணும்பா. வூட்ல மாமியாருக்குக் கண்ணு சரியா தெரியாது. இது வழுக்குமா?"

தண்ணீர் பட்டால் வழுக்கும். நன்றாகவே வழுக்கும்.

"வழுக்காதும்மா" என்றேன். யோசிக்கவே இல்லை.